வாசகர் கேள்வி பதில்: காத்துல போற டேட்டாவுக்கு யார் வழி சொல்றது?

இந்த தடவ வந்த கடுதாசில பாதி வைஃபை, சிக்னல், டவர் பத்திதான். அதனால சமையல் கேஸ் பத்தி கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கே: சார், நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம். ப்ராஜெக்ட் தலைப்பு ஹைபிரிட் வயர்லெஸ் நெட்வொர்க்ல ரூட்டிங். ஒரு எடத்துல ஹைபிரிட்னா டவரையும் போனையும் சேத்து கட்டறதுன்னு போட்ருக்கு, இன்னொரு எடத்துல ரெண்டு ரூட்டிங் முறைய கலக்கறதுன்னு போட்ருக்கு. கைடு கிட்ட கேட்டா நெட்ல பாத்துக்கோங்கறாரு. எது சரி? (மஞ்சக்குப்பம் வாசகர்)

ப: ரெண்டுமே சரி தம்பி. தப்பு உங்க மேல இல்ல, ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சவங்க மேல.

மொதல் அர்த்தம் நெட்வொர்க்க பத்தினது. ஒரு பக்கம் டவர், ஃபைபர், ஆக்சஸ் பாயிண்ட்னு நட்டு வச்சது, இன்னொரு பக்கம் நடுவுல யாரும் இல்லாம ஒன்னுக்கொன்னு நேரா பேசிக்கிற ரேடியோ, போன், சென்சார், இது ரெண்டையும் சேத்தா ஹைபிரிட். இதுக்கு வெளிநாட்டு உதாரணம் தேடாதீங்க, பக்கத்துலயே இருக்கு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல புதுச்சேரி கிராமங்கள்ல தகவல் மையம் ஆரம்பிச்சப்போ வில்லியனூர மையமா வச்சாங்க, அங்க வரைக்கும் டெலிபோன் லைன்ல டயல்-அப் இன்டர்நெட், அங்கேர்ந்து கிராமத்துக்கு வாக்கி டாக்கி மாதிரி விஎச்எஃப் ரேடியோ. நாளைக்கு அலை எவ்ளோ உயரம் வரும்னு அமெரிக்க கடற்படை வெப்சைட்லேர்ந்து எடுத்து வீராம்பட்டினத்துல மைக் வச்சி சொல்லுவாங்க. வயர், ரேடியோ, கடைசில லவுட் ஸ்பீக்கர். இத விட ஹைபிரிட்டா ஒன்னு காட்டுங்க பாப்போம்.

ரெண்டாவது அர்த்தம் ரூட்டிங்க, அதாவது சேதி போக வழி கண்டுபிடிக்கிறத பத்தினது. எல்லா வழியையும் எப்பவும் மனப்பாடமா வச்சிருக்கறது ஒரு ரகம், நம்ம ஊர் பழைய தபால்காரர் மாதிரி. ஓஎல்எஸ்ஆர்னு ஒன்னு அப்படித்தான். 2 செகண்டுக்கு ஒரு தடவ பக்கத்துல இருக்கறவங்களுக்கு ஹலோ சொல்லும், 5 செகண்டுக்கு ஒரு தடவ யார் யாரோட சேந்திருக்காங்கன்னு ஊர் முழுக்க தண்டோரா போடும். வழி எப்பவும் ரெடியா இருக்கும், ஆனா யாரும் எதுவும் அனுப்பலன்னாலும் பேட்டரி போய்கிட்டே இருக்கும்.

இன்னொரு ரகம் தேவப்பட்டா மட்டும் கேக்கறது. ஏஓடிவிங்கிற முறை அப்படித்தான். சார்லஸ் பெர்கின்ஸ், எலிசபெத் பெல்டிங், சமீர் தாஸ் மூணு பேரும் எழுதினது, 2003-ல ஸ்டாண்டர்டா இல்லாம சோதனை நிலை ஆவணமா வந்துச்சி. இத கொஞ்சம் கிட்ட பாருங்க, வைவால இதத்தான் கேப்பாங்க. கல்யாண பத்திரிகை குடுக்க வெளியூர்லேர்ந்து ஒருத்தர் பஸ் ஸ்டாண்டுல எறங்கி முதல் டீக்கடைல வழி கேக்கறாருன்னு வைங்க. டீக்கடைக்காரருக்கு தெரியல, அவர் பக்கத்து சைக்கிள் கடைய கேக்கறாரு, சைக்கிள் கடை மளிகைக் கடைய கேக்குது. ஒவ்வொருத்தரும் "என்ன கேட்டது இன்னார்"னு மட்டும் ஞாபகம் வச்சிக்கிறாங்க. அதே கேள்வி வேற பக்கம் சுத்தி வந்தா, அதுல ஒரு நம்பர் இருக்கும், ஏற்கெனவே பாத்த நம்பர்னா கண்டுக்க மாட்டாங்க. கேள்வி வீட்டுக்காரர் காதுக்கு போனதும் பதில் கேள்வி வந்த வழியாவே ஒவ்வொருத்தரா திரும்பி வருது. முழு வழி யாருக்குமே தெரியாது, "அவர் வீட்டுக்குன்னா அடுத்து சைக்கிள் கடை", அவ்ளோதான். அந்த ஞாபகமும் 3 செகண்டு சும்மா கெடந்தா அழிஞ்சிடும். நடுவுல ஒரு கடை சாத்திட்டா "இந்தப் பக்கம் வழி இல்ல"ன்னு பின்னாடி சேதி போகும், மறுபடி கேக்க ஆரம்பிக்கணும்.

இப்ப ரெண்டையும் கலந்தா? பக்கத்து தெரு வரைக்கும் மனப்பாடம், அதுக்கு மேல கேட்டு தெரிஞ்சிக்கிறது. 1997 வாக்குல கார்னெல் யுனிவர்சிட்டில சிக்மண்ட் ஹாஸ் சொன்ன ஜோன் ரூட்டிங் இதான். வைஃபை டப்பாங்க ஒன்னுக்கொன்னு சேதிய கைமாத்தி விடறதுக்கு மெஷ்னு பேரு. அதுக்கு 2011-ல வந்த 802.11எஸ் ஸ்டாண்டர்டுலயும் இந்த கலப்பு உண்டு, இன்டர்நெட்டுக்கு வாசலா இருக்கற கேட்வேக்கு போற வழிய முன்னாடியே மரம் மாதிரி கட்டி வச்சிக்கலாம், மெஷ்ஷுக்குள்ளயே ஒருத்தர ஒருத்தர் தேடணும்னா ஏஓடிவி மாதிரி கேட்டுக்கும். ஆக ஹைபிரிட் நெட்வொர்க்குல ஹைபிரிட் ரூட்டிங் ஓட்டலாம். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் முதல் பக்கத்துலயே இந்த ரெண்டையும் பிரிச்சி எழுதிடுங்க, பாதி கேள்வி அங்கயே அடங்கிடும்.

கே: ரெண்டு வழி இருந்தா கம்மி ஹாப் இருக்கறதத்தானே ரூட்டர் எடுக்கணும்? (நெல்லிக்குப்பம் வாசகர்)

ப: ஹாப்புன்னா ஒரு ரேடியோலேர்ந்து அடுத்ததுக்கு ஒரு தாவல். அப்படித்தான் ஆரம்பத்துல எல்லாரும் நெனச்சாங்க, ஆனா கம்மி ஹாப்புன்னா ஒவ்வொரு தாவலும் நீளமா இருக்கும், நீளமா இருந்தா சிக்னல் நொண்டும். கெடிலம் ஆத்துக்கு இந்தக் கரை மொட்டமாடிலேர்ந்து அந்தக் கரைக்கு ஒரே தாவல்னு வைங்க. 100 பாக்கெட் (டேட்டாவ நறுக்கின துண்டு) அனுப்பினா 50 போய் சேருது, "வந்துச்சி"ங்கிற ரசீது 100-க்கு 80 திரும்பி வருது. 0.5-ஐ 0.8-ஆல பெருக்கினா 0.4, அப்போ ஒரு பாக்கெட்டுக்கு சராசரியா 2.5 தடவ அனுப்பணும். நடுவுல பாலத்துக்கிட்ட ஒரு ரேடியோ வச்சி ரெண்டா பிரிச்சா, ஒவ்வொரு தாவலும் போகவர 95 சதவீதம் தேறுதுன்னு வைங்க, தாவலுக்கு 1.1, ரெண்டும் சேத்து 2.2 தடவதான். ரெண்டு ஹாப் ஜெயிச்சிடுச்சி பாருங்க. இந்த கணக்குக்கு இடிஎக்ஸ்னு பேரு, அமெரிக்காவுல இருக்கற எம்ஐடி ஆளுங்க 2003-ல எழுதினது.

கே: சார், புதுச்சேரி ஒயிட் டவுன்ல ஹோம்ஸ்டே நடத்தறேன். பழைய பிரெஞ்சு காலத்து வீடு, செவுரு ரொம்ப தடிப்பு. மூணு மெஷ் டப்பா வாங்கி மாட்டினேன். ஹால்ல 100 எம்பிபிஎஸ் வருது, மாடி ரூம்ல 25 கூட தேறல. கெஸ்ட் எல்லாம் கம்ப்ளெயின்ட். டப்பா சரியில்லையா? (ஒயிட் டவுன் வாசகி)

ப: டப்பா மேல பழி போடாதீங்கம்மா. மூணும் ஒரே சேனல்ல பேசுதுன்னா, நடு டப்பா மொதல் டப்பா சொல்றத கேக்கும்போது மாடிக்கு பேச முடியாது, மாடிக்கு பேசும்போது கேக்க முடியாது. ஒரே ஆள் போன் கேட்டுகிட்டே இன்னொருத்தர்ட்ட திருப்பி சொல்ற மாதிரி. ஒரே டேட்டா ரெண்டு தடவ காத்துல போகணும்னா பாதி போச்சி, மூணு தடவ போகணும்னா மூணுல ஒன்னுதான் மிச்சம், 100, 50, 33. அதுலயும் கொஞ்சத்த செவுரு தின்னுடுச்சி, செங்கல்லும் சுண்ணாம்பும் தடிமனா இருந்தா 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் ரொம்பவே தவிக்கும்.

நாலாவது டப்பா வாங்கலாமான்னு அடுத்து கேப்பீங்க. வேணாம். ஹாலேர்ந்து மாடி வராண்டா வரைக்கும் ஒரு லேன் கேபிள் இழுத்து அங்க இருக்கற டப்பால சொருகுங்க. பழைய செவுர்ல ஓட்ட போட மனசு வராது, தெரியும், மாடிப்படி ஓரமா கிளிப் அடிச்சி கொண்டு போங்க, சுண்ணாம்பு கலர்லயே கேபிள் கெடைக்குது. அந்த ஒரு வயர் ரெண்டு தாவல முழுங்கிடும்.

மஞ்சக்குப்பம் தம்பி, இதையும் குறிச்சிக்கோங்க. 2000-ல பியூஷ் குப்தாவும் பி.ஆர்.குமாரும் (குமார் நம்ம ஐஐடி மெட்ராஸ்ல படிச்சவர்) வயரே இல்லாத நெட்வொர்க்குக்கு கணக்கு போட்டாங்க. ஆள் கூட கூட தலைக்கு கெடைக்கிற பங்கு கொறஞ்சிகிட்டே போகும், 100 மடங்கு ஆள் சேந்தா பங்கு பத்துல ஒன்னுக்கும் கீழ. அடுத்தவங்க பாக்கெட்ட சொமக்கறதுலயே நேரம் போயிடுது. 2003-ல லியூ, லியூ, டவுஸ்லி மூணு பேரும், சரி நடுநடுவுல வயரால இணைச்ச பேஸ் ஸ்டேஷன் (டவர் மாதிரி) போட்டா என்னன்னு பாத்தாங்க. பேருக்கு ஒன்னு ரெண்டு போட்டா பெருசா ஒன்னும் மாறாது, நோடு, அதாவது நெட்வொர்க்ல இருக்கற கருவி, அதோட எண்ணிக்கையோட வர்க்கமூலத்த விட வேகமா பேஸ் ஸ்டேஷன் கூடினாத்தான் போட்ட அளவுக்கு பலன். அந்தம்மா வீட்டு மாடிப்படி கேபிளுக்கு பின்னாடி இருக்கற தியரி இது.

கே: கட்டுமரம், ஃபைபர் போட் வச்சிருக்கற குடும்பம் எங்களது. புயல் வந்தா டவர் செத்துடுது. டவரே இல்லாம போனுக்கு போன் சேதி தாவற மாதிரி பண்ண முடியாதா? (தாழங்குடா வாசகர்)

ப: கரையில கொஞ்சம் முடியும், கடல்ல கஷ்டம். போனோட வைஃபை வெட்டவெளில 100 மீட்டர் சுமாருக்கு எட்டும், ப்ளூடூத் அதுக்கும் கம்மி. தெருவுல நெருக்கமா வீடு இருந்தா ஒன்னுலேர்ந்து ஒன்னு தாவும், கடல்ல போட்டுக்கு போட்டு கிலோமீட்டர் கணக்குல தள்ளி நிக்கும்போது தாவறதுக்கு ஆளே இல்ல. அங்க விஎச்எஃப் செட்டுதான், 16-ம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்துன்னா அதுல கூப்பிடணும். கரைய கூப்பிட்டு எட்டலன்னா நடுவுல இருக்கற போட்டுக்காரர் வாய்லயே ரிலே பண்ணுவாரு, அவரும் ஒரு ஹாப்தான்.

2011 டிசம்பர் 30, தானே புயல் அடிச்சப்போ நான் கடலூர்லதான் இருந்தேன். கரண்ட் இல்ல, டவர் இல்ல. எங்க தெருவுல ஒருத்தர் டிவிஎஸ் ஃபிப்டில விழுப்புரம் ரோட்டுப் பக்கம் சிக்னல் தேடி கெளம்பினாரு. கெளம்பும்போது பத்து வீட்டுக்காரங்க காலண்டர் பின்பக்கத்துல நம்பரும் ரெண்டு வரி சேதியும் எழுதி குடுத்தோம், "எல்லாரும் நல்லாருக்கோம், ஓடு போச்சி" இந்த மாதிரி. சாயங்காலம் திரும்பி வந்தாரு, ஏழு பேருக்கு பதில், மூணு பேர் போன் எடுக்கல. ரூட்டிங்ல இதுக்கு தனி பேரே இருக்கு, வழி கெடைக்கிற வரைக்கும் சொமந்துகிட்டே போய் குடுக்கறது. கர்நாடகால தொட்டபள்ளாபுரம் பக்கம் பஸ்ல வைஃபை பெட்டி வச்சி கிராமத்துக்கு நில ரெக்கார்டு கொண்டு போனாங்க, டாக்நெட்னு பேரு. பஸ்ஸு நின்ன நேரத்துல டேட்டா ஏறும், அடுத்த ஊர்ல எறங்கும்.

2004 டிசம்பர் 26 சுனாமி அன்னிக்கி புதுச்சேரி நல்லவாட்டுல நடந்தது உங்க வீட்டு பெரியவங்களுக்கு தெரியும். சிங்கப்பூர்ல வேல பாத்த ஊர்க்காரர் ஒருத்தர் சேதி தெரிஞ்சதும் வீட்டுக்கு போன் அடிச்சாரு, ஊர்ல தகவல் மையத்து பூட்ட உடைச்சி மைக்க எடுத்து எல்லாரையும் ஓடச் சொன்னாங்க. மேல சொன்னேனே அதே சுவாமிநாதன் நிறுவன மையம், அலை உயரம் சொல்ற அதே மைக். அதனால போன்ல ஆப் போடுறது அப்பறம், உங்க ஊர் மைக்கு செட்டுக்கு தனி பேட்டரி இருக்கா, சாவி யாருகிட்ட இருக்குன்னு இந்த ஞாயித்துக்கிழமையே போய் பாருங்க.