சாஃப்ட்வேரை விட்டு நர்சிங்: 16 மாத ஏ.பி.எஸ்.என். படிப்பு பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்

மூன்று இரவு டியூட்டி தொடர்ச்சியாக முடித்து, ஒரு நாள் முழுக்கத் தூங்கி எழுந்து, இன்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். வேறு டிகிரி கையில் இருந்தால் அமெரிக்காவில் ஏ.பி.எஸ்.என். என்ற துரித நர்சிங் பட்டப்படிப்பு படித்து ஒன்றரை வருஷத்துக்குள் நர்ஸ் ஆகிவிடலாம் என்று சும்மா ஒரு வரி எழுதப்போக, நாற்பது கேள்விகளுக்கு மேல் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். என்னைப் பற்றி: பி.ஈ. படித்து ஒன்பது வருஷம் டெஸ்டிங் வேலை, இரண்டு பிள்ளைகள், 36 வயதில் நர்சிங் சேர்ந்தேன், இப்போது இதய நோயாளிகள் பிரிவில் இரவுப் பணி.

கேள்வி: ஏ.பி.எஸ்.என். என்பது சாதாரண பி.எஸ்.என்.னை (நர்சிங் இளநிலைப் பட்டம்) விட மட்டமா? நம் ஊரில் இது இருக்கிறதா?

பதில்: பட்டம் ஒன்றே, லைசென்ஸ் ஒன்றே, அதற்காகக் கடைசியில் எழுதுகிற என்கிளெக்ஸ் தேர்வும் ஒன்றே. நீங்கள் எந்த வழியில் வந்தீர்கள் என்று நோயாளி கேட்கப்போவதில்லை. ஏற்கெனவே ஒரு இளநிலைப் பட்டம் இருப்பதால் பொதுப் பாடங்களைக் கழித்துவிட்டு, நர்சிங் பாடங்களை மட்டும் கோடை விடுமுறைகூட இல்லாமல் 11 முதல் 18 மாதத்துக்குள் முடிக்கிறார்கள், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷம், இன்ஜினியரிங் முடித்தவருக்குக் குறுக்கு வழி கிடையாது. இரண்டு வருஷ போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யைச் சிலர் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள், அது ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமா முடித்த நர்ஸ்களுக்கு.

கேள்வி: அக்கா, நான் பி.ஈ. ஈ.சி.ஈ. பிளஸ் டூவுக்குப் பிறகு பயாலஜி பக்கமே போகவில்லை. சேர முடியுமா?

பதில்: முடியும், ஆனால் நாளைக்கே முடியாது. முதலில் உங்கள் இந்திய மார்க் ஷீட்டுகளை வெஸ் மாதிரி வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடுகிற நிறுவனத்திடம் கொடுத்துப் பாடவாரியாக மதிப்பீடு வாங்க வேண்டும். நாலு வருஷப் பட்டத்துக்குப் பொதுவாகப் பிரச்சினை இல்லை. மூன்று வருஷ பி.எஸ்சி., பி.காம். என்றால் கல்லூரிக்குக் கல்லூரி மாறும், கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். அப்புறம் முன்பாடங்கள்: அனாடமி-ஃபிசியாலஜி இரண்டு பகுதி, மைக்ரோபயாலஜி, கெமிஸ்ட்ரி, ஸ்டாடிஸ்டிக்ஸ், நியூட்ரிஷன், வளர்ச்சி உளவியல். இவற்றைப் பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டு வருஷக் கல்லூரி) படித்தால் செலவு பாதிக்கும் கீழே. இந்த முன்பாடங்களுக்கே எனக்கு ஒரு வருஷம் ஆனது, அதனால் "16 மாதம்" என்ற விளம்பரத்தைப் பார்த்து வீட்டில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அறிவியல் பாடங்கள் ஐந்து, ஏழு வருஷத்துக்கு மேல் பழசாக இருந்தால் பல கல்லூரிகள் ஏற்பதில்லை.

நுழைவுத் தேர்வு டீஸ் அல்லது ஹெசி. டீஸில் 170 கேள்வி, 209 நிமிஷம். கணக்கு நமக்கு அல்வா. ஆங்கிலப் பகுதியில் காற்புள்ளி எங்கே வைப்பது என்று கேட்பார்கள், அங்கேதான் நான் சறுக்கினேன்.

கேள்வி: ஹெச்4 விசாவில் இருக்கிறேன். படிக்கலாமா, வேலை கிடைக்குமா?

பதில்: இதே கேள்வி மட்டும் பதினோரு பேரிடமிருந்து. ஹெச்4 என்பது ஹெச்1பி வேலை விசாவில் இருப்பவரின் கணவன் அல்லது மனைவிக்கான விசா. அதில் படிக்கலாம், முழுநேரமாகவே படிக்கலாம். மருத்துவமனைப் பயிற்சிக்குச் சம்பளம் கிடையாது என்பதால் அதிலும் சிக்கல் இல்லை. முடித்த பிறகுதான் சிக்கல். கணவருக்கோ மனைவிக்கோ ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு ஒப்புதல் ஆகி, உங்கள் கையில் ஈ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை இருந்தால் வேலைக்குப் போகலாம், இல்லாவிட்டால் லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவைக்க வேண்டியதுதான். சில மாநில நர்சிங் போர்டுகள் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல் லைசென்ஸே தருவதில்லை, அதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். எஃப்1 என்ற மாணவர் விசாவுக்கு மாறிப் படித்தால், முடித்ததும் ஒரு வருஷம் வேலை பார்க்க ஓ.பி.டி. அனுமதி உண்டு, ஆனால் கம்ப்யூட்டர் படிப்புக்குக் கிடைக்கிற மாதிரி இரண்டு வருஷ நீட்டிப்பு நர்சிங்குக்குக் கிடையாது. சாதாரண வார்டு நர்ஸ் வேலைக்கு ஹெச்1பி கிடைப்பது அரிது. நர்ஸ்களுக்குக் கிரீன் கார்டில் ஷெட்யூல் ஏ என்று ஒரு சலுகை இருக்கிறது, வேலைக்கு உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்று காட்டுகிற லேபர் சான்றிதழ் கட்டத்தைத் தாண்டிவிடலாம். இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை மட்டும் அப்படியேதான் நிற்கும். வக்கீலைக் கேளுங்கள், என்னை நம்பி ஐம்பதாயிரம் டாலர் கட்டாதீர்கள்.

கேள்வி: ஐம்பதாயிரமா? கடன் கிடைக்குமா?

பதில்: என் கல்லூரியில் கட்டணம் மட்டும் கிட்டத்தட்ட அவ்வளவு. தனியார் கல்லூரிகளில் இன்னும் மேலே போகும். கிரீன் கார்டு அல்லது குடியுரிமை இருந்தால் அரசுக் கடன் உண்டு, ஹெச்4-க்குக் கிடையாது. ஏற்கெனவே ஒரு பட்டம் இருப்பதால் பெல் என்ற அரசு உதவித்தொகையும் கிடைக்காது. படிக்கும்போது வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். எங்கள் வகுப்பில் வாரம் இருபது மணி நேரம் வேலை பார்த்துக்கொண்டே சேர்ந்த இரண்டு பேரில் ஒருவர் முதல் செமஸ்டரிலேயே வேலையை விட்டார், இன்னொருவர் படிப்பை விட்டார்.

கேள்வி: ஒரு வாரம் எப்படிப் போகும் என்று சொல்லுங்களேன்.

பதில்: திங்கள் காலை எட்டு மணிக்குத் தேர்வு, அது முடிந்த கையோடு அடுத்த பாடம் ஆரம்பம், மூன்று மணி வரை. செவ்வாயும் வகுப்பு. புதன் ஸ்கில்ஸ் லேப், அதாவது பொம்மையை வைத்துச் செய்முறைப் பயிற்சி. வியாழன், வெள்ளி மருத்துவமனை: காலை 6:30-க்கு ஃப்ளோரில், அதாவது வார்டில், நிற்க வேண்டும், அதற்கு நான் நாலரைக்கு எழ வேண்டும், வீடு திரும்ப இரவு எட்டு. அன்று பார்த்த நோயாளிக்கு கேர் பிளான் (பராமரிப்புத் திட்டம்) எழுத வேண்டும், எனக்கு முதலில் ஒன்றுக்கு ஆறு மணி நேரம் ஆனது. சனி, ஞாயிறு திங்கட்கிழமைத் தேர்வுக்குப் படிப்பு. இதில் பிள்ளைக்கு ஜுரம் வந்தால் எங்கே செருகுவது?

பாடம் கஷ்டமில்லை என்று நான் சொல்வதை யாரும் நம்புவதில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் நம் பி.ஈ. கணக்குகளை விட எளிதுதான். விட்டதைப் பிடிக்க நாள் இல்லை என்பதுதான் கஷ்டம். இந்த வாரம் இதயத் தோல்வி, அடுத்த வாரம் சிறுநீரகம், அதற்கடுத்து சர்க்கரை. ஒரு வாரம் படுத்துவிட்டால் ரயில் போய்விடும். ஒரு பாடத்தில் 77 சதவீதத்துக்குக் கீழே போனால் ஃபெயில் என்று எங்கள் கல்லூரியில் விதி, 76.8 எடுத்த பெண்ணை முழுமையாக்கித் தூக்கிவிடவில்லை. அடுத்த பேட்ச் வரும்வரை காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள்.

கேள்வி: நான் எப்போதும் நன்றாக மனப்பாடம் செய்வேன், யுனிவர்சிட்டி ரேங்க். போதுமா அக்கா?

பதில்: போதாது தங்கச்சி. மருந்துப் பெயர்களுக்கு மனப்பாடம் உதவும்: "லால்" என்று முடிந்தால் பீட்டா பிளாக்கர், "ப்ரில்" என்று முடிந்தால் ஏஸ் இன்ஹிபிட்டர் (இரண்டும் ரத்த அழுத்த மருந்து வகைகள்), இப்படி. தேர்வில் கேட்பது வேறு. ஒரு உதாரணம் தருகிறேன், நீங்களே முயன்று பாருங்கள். உங்களிடம் நாலு நோயாளிகள். ஒருவருக்கு நேற்று அறுவை சிகிச்சை, வலி பத்துக்கு எட்டு. ஒருவர் சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) நோயாளி, ஆக்சிஜன் அளவு 90. ஒருவர் சர்க்கரை நோயாளி, திடீரென்று வியர்த்து, சம்பந்தமில்லாமல் பேசுகிறார். ஒருவர் வீட்டுக்குப் போகத் துணி மாற்றி உட்கார்ந்திருக்கிறார். யாரிடம் முதலில் போவீர்கள்?

நம் மனசு எட்டு என்றதும் வலிக்காரரிடம் ஓடும், இல்லையென்றால் 90-ஐப் பார்த்துப் பதறும். சி.ஓ.பி.டி.க்கு 88 முதல் 92 வரை எதிர்பார்த்ததுதான். வலி இன்னும் பத்து நிமிஷம் பொறுக்கும், திட்டுவார், பரவாயில்லை. வியர்த்துப் பிதற்றுகிறவருக்குச் சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கிறது, மூளைக்குச் சாப்பாடு இல்லை, அவர்தான் முதலில். நாலுமே செய்ய வேண்டிய வேலைதான், எது முதலில் என்பதுதான் கேள்வி. முதல் தேர்வில் நான் 71 வாங்கிக் கார் பார்க்கிங்கில் உட்கார்ந்து அழுதேன். அதற்குப் பிறகு புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதைப் பாதியாகக் குறைத்து, தினமும் ஐம்பது பயிற்சிக் கேள்வி போட்டு, சரியாகப் போட்டதற்குக்கூட மற்ற மூன்று விடைகள் ஏன் தப்பு என்று படித்தேன். மார்க் ஏறியது அதனால்தான்.

கேள்வி: மருந்துக் கணக்கில் 90 சதவீதம் எடுக்க வேண்டுமாமே? இன்ஜினியருக்கு அதெல்லாம் தூசு இல்லையா?

பதில்: நானும் அப்படித்தான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போனேன். 250 மில்லியில் 25,000 யூனிட் ஹெப்பரின் (ரத்தம் உறையாமல் தடுக்கிற மருந்து), மணிக்கு 1,200 யூனிட் போக வேண்டும், பம்பில் மணிக்கு எத்தனை மில்லி வைப்பாய்? மில்லிக்கு 100 யூனிட், ஆக 12. எட்டாம் வகுப்புக் கணக்கு. ஆனால் இன்னொரு கேள்விக்கு விடையை 5.0 என்று எழுதிவைத்தேன், தப்பு என்று அடித்துவிட்டார்கள். புள்ளி கண்ணில் படாவிட்டால் அது 50 ஆகிவிடும், நோயாளிக்குப் பத்து மடங்கு மருந்து. அதேபோல .5 என்றும் எழுதக் கூடாது, 0.5 என்றுதான் எழுத வேண்டும். சண்டை போடப் போய், இதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

கேள்வி: டி.பி. சோதனை பாசிட்டிவ் வந்துவிட்டது, பயமாக இருக்கிறது. சேர்க்க மாட்டார்களா?

பதில்: பதறாதீர்கள். தோலில் குத்துகிற சோதனைதானே? நமக்கெல்லாம் பிறந்ததும் பி.சி.ஜி. என்ற டி.பி. தடுப்பூசி போட்டிருக்கிறார்கள், அதனால் தோல் சோதனை பொய்யாகவே பாசிட்டிவ் காட்டலாம். பி.சி.ஜி. போட்டவர்களுக்கு ரத்தச் சோதனைதான் சரி, குவான்டிஃபெரான் என்று கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் பாசிட்டிவ் என்றால் எக்ஸ்ரே எடுத்து, டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், கதவு மூடிவிடாது. தட்டம்மை, சின்னம்மை, ஹெபடைடிஸ் பி எதிர்ப்புச் சக்தி சோதனைகளையும் சீக்கிரம் முடியுங்கள். ஊசி மறுபடி போட வேண்டி வந்தால் தவணைக்குத் தவணை வாரக்கணக்கில் ஓடும்.

கேள்வி: ஸ்கில்ஸ் லேப், கிளினிக்கல் (மருத்துவமனைப் பயிற்சி) இரண்டில் எது பயம்?

பதில்: லேப். பொம்மைக்குச் சிறுநீர்க் குழாய் போட்டுக் காட்ட வேண்டும், ஸ்டெரைல் துணியின் ஓரத்து ஒரு அங்குலம் அசுத்தம் என்று கணக்கு, துணிக்குக் குறுக்கே கை போனால் முடிந்தது. நான் எட்டி ஒரு பஞ்சை எடுத்தேன். டீச்சர் எதுவும் பேசவில்லை, பேனா மட்டும் அசைந்தது. மறுவாரம் திரும்பச் செய்தேன்.

கிளினிக்கலில் பயத்தை விடக் கூச்சம்தான் அதிகம். முதல் நாள், முன்பின் தெரியாத ஒரு பெரியவரைத் துடைத்துவிட வேண்டும், நான் துணியை நனைத்துக் கையில் வைத்துக்கொண்டு மரம் மாதிரி நிற்கிறேன். அங்கிருந்த நர்சிங் உதவியாளர் அம்மா, அவரை எப்படித் திருப்புவது, துடைக்கிற இடம் தவிர மற்றதைப் போர்வையால் எப்படி மூடிவைப்பது, தண்ணீர்ச் சூட்டை முதலில் அவர் கையிலேயே காட்டுவது எல்லாவற்றையும் ஐந்து நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்தார். எந்த வகுப்பிலும் அவ்வளவு கற்கவில்லை. உதவியாளர்களிடம் மரியாதையாக இருங்கள். இன்னொன்று, எண்பது வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கே எழவில்லை, கடைசிவரை மிஸ்டர் போட்டே ஓட்டிவிட்டேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

கேள்வி: வீட்டில் "இன்ஜினியரிங் படிச்சிட்டு பெட்பேன் எடுக்கப் போறியா" என்கிறார்கள். என்ன பதில் சொன்னீர்கள்?

பதில்: எனக்கு இதைச் சொன்னது என் சொந்த அத்தை. பதில் சொல்லவில்லை. போன வருஷம் மாமாவுக்கு பைபாஸ் ஆனபோது ஊரில் நள்ளிரவு இரண்டு மணிக்கு ஃபோன் போட்டு, "கால் வீங்கியிருக்கு, மூச்சு வாங்குது, இது சாதாரணமா பாப்பா?" என்று கேட்டதும் அதே அத்தைதான். உடனே டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். பெட்பேன் எடுப்பேன், ஆமாம். அதில் என்ன நிறம், எவ்வளவு அளவு என்று பார்க்கத் தெரிந்தவள் எடுத்தால்தான் ரத்தக் கசிவு சீக்கிரம் தெரியும்.

கணவர் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். சேருவதற்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள்: யார் சமைப்பது, பள்ளியிலிருந்து யார் கூப்பிட்டு வருவது, ஜுரம் வந்தால் யார் லீவு போடுவது. "பார்த்துக்கலாம்" என்ற பதிலை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டில் பதினாறு மாதமும் சாம்பார் அவர் வைத்தது, பெருங்காயம் எப்போதும் கூடுதல்.

கேள்வி: என்கிளெக்ஸ் 85 கேள்வியில் நின்றுவிட்டால் பாஸா ஃபெயிலா?

பதில்: இரண்டும் நடக்கும். கம்ப்யூட்டர் உங்கள் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தைத் தீர்மானிக்கிறது, பாஸ் கோட்டுக்கு மேலா கீழா என்று 95 சதவீதம் உறுதியானதும் நின்றுவிடும். குறைந்தது 85, அதிகபட்சம் 150, ஐந்து மணி நேரம். ஏப்ரல் 2023-ல் வந்த புதிய முறையில் ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து ஆறு ஆறு கேள்வியாகக் கேட்கிறார்கள், பகுதி மார்க்கும் உண்டு. எனக்கு 93-ல் திரை அணைந்தது, வீடு வரும்வரை யாரிடமும் பேசவில்லை. படிப்பு முடித்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் எழுதிவிடுங்கள், தள்ளிப்போட்டால் மறந்துபோகும்.

கேள்வி: சேரப் போகிறேன் அக்கா, என்ன வாங்க வேண்டும்?

பதில்: நல்ல ஷூ, அதில் கஞ்சத்தனம் வேண்டாம். இறுக்கமான கம்ப்ரெஷன் சாக்ஸ் மூன்று ஜோடி. விநாடி முள் உள்ள சாதாரண வாட்ச். ஸ்டெதஸ்கோப் நடுத்தர விலையில் போதும், பெயர் பொறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நடந்து போய்விடும். இரவுப் பணிக்கு வந்த பிறகு தயிர் சாதம் மட்டும் கட்டிக்கொண்டு வராதீர்கள், மூன்று மணிக்குக் கண் சொக்கும். நான் சுண்டல் கொண்டுபோகிறேன், இப்போது ஃப்ளோர் முழுக்க அதற்கு ஆள் சேர்ந்துவிட்டது.