கிரேட் பிரிட்டன் கப்பல் அட்லாண்டிக்கில் எத்தனை காலம் ஓடியது, அப்புறம் என்ன ஆனது?

அட்லாண்டிக்கில் ஓடியது ஓராண்டுக்குக் கொஞ்சம் மேல்தான். பொறியாளர் புருனெல் வடிவமைத்து 1843-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மிதக்கவிட்ட இது, இரும்பு உடலோடும் சுழன்று நீரைத் தள்ளும் திருகு உந்தியோடும் அந்தக் கடலைக் கடந்த முதல் நீராவிக் கப்பல். 1845-ல் லிவர்பூலிலிருந்து நியூயார்க்குக்கு 14 நாளில் போய்ச் சேர்ந்தது. மறுவருடமே அயர்லாந்தின் டண்ட்ரம் விரிகுடாவில் தரைதட்டி, குளிர்காலம் முழுக்க அலையில் அடிபட்டுக் கிடந்தது, மரக்கப்பல் என்றால் சிதறியிருக்கும். கப்பலை மீட்ட செலவில் அதை நடத்திய கம்பெனி நொடித்துப்போனது. கைமாறி, 1852 முதல் ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிகளை ஏற்றிச் சென்றதே, என்னைக் கேட்டால், அதன் உண்மையான வாழ்க்கை. பிறகு இயந்திரத்தைக் கழற்றிப் பாய்மரச் சரக்குக் கப்பல் ஆக்கினார்கள். 1886-ல் சேதமடைந்து தென் அட்லாண்டிக்கின் ஃபாக்லாந்து தீவில் ஒதுங்கியது, அங்கேயே மிதக்கும் கிடங்காகி, 1937-ல் கரையோரம் மூழ்கடிக்கப்பட்டது. 1970-ல் பக்கவாட்டு விரிசலில் பழைய மெத்தைகளைத் திணித்து அடைத்து, மிதவை மேல் ஏற்றி, பிரிஸ்டலுக்கே இழுத்து வந்தார்கள். கட்டிய அதே உலர்துறையில் இப்போதும் நிற்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம்.