கார் நின்ற இடத்தில் ஆயில் சொட்டுகிறது. எங்கிருந்து கசியும்?

சொட்டு விழும் இடத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஆயில் மேலே கசிந்து, என்ஜின் மீது வழிந்து, எங்கோ ஒரு மூலையில் வந்துதான் சொட்டும்.

பத்து வருடம் ஓடிய என் பெட்ரோல் காரில் என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டியது. ஒரு பட்டறையில் பார்த்தவுடனே, "கிராங்க் பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும்" என்றார்கள். சுழலும் கிராங்க் தண்டைச் சுற்றி ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்தான் அந்த சீல். அதன் விலை குறைவு, கூலிதான் பெரிது. எனக்கு மனம் ஒப்பவில்லை. தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் என்ஜினைத் துடைத்துச் சுத்தமாக்கி, இரண்டு நாள் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். பிறகு டார்ச் அடித்து, ஈரம் தொடங்கும் உயரமான இடத்தைத் தேடினார். என்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் பின்விளிம்பு! மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் பேக்கிங்கைக் கழற்றி வளைத்ததும் காய்ந்த புளியம்பழ ஓடு போல ஒடிந்தது. பழைய கார்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அவர் அதோடு விடவில்லை. பி.சி.வி. வால்வைக் கழற்றிக் காதருகே ஆட்டினார். நன்றாக இருந்தால் உள்ளே கிலுகிலுக்குமாம். என்னுடையதில் சத்தமே இல்லை, கரி அடைத்திருந்தது. என்ஜினுக்குள் சேரும் வாயு அந்த வால்வு வழியாகத்தான் வெளியேற வேண்டும். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நைந்த பேக்கிங், சீல் எதுவானாலும் அதன் வழியே ஆயிலைத் தள்ளும். பேக்கிங்கை மட்டும் மாற்றியிருந்தால் மறுபடி கசிந்திருக்கும்.

ஆயில் மாற்றிய சில நாட்களில் சொட்டத் தொடங்கினால் சந்தேகம் வேறு. ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டில் பழைய வாஷரையே மாட்டியிருப்பார்கள். அல்லது பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டியிருக்க, அதன்மேல் புதிய ஃபில்டரை முறுக்கியிருப்பார்கள். போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் அலுமினிய சம்ப்பின் மரையே போய்விடும். சம்ப் பேக்கிங், முன்பக்க கிராங்க் சீல், ஆயில் பிரஷர் சுவிட்ச் ஆகியவற்றிலும் கசியலாம்.

சரிசெய்யும் வரை தினமும் காலையில் சமதரையில் டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவைப் பாருங்கள். தீய்ந்த ஆயில் வாடை வந்தால் சூடான எக்ஸாஸ்ட் மீது ஆயில் விழுகிறது என்று பொருள். தீப்பிடிக்கும் அபாயம் உண்டு, ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் உடனே ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிடுங்கள்.