எலைசாவின் கைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கியெர்மோ டெல் டோரோவின் ‘தி ஷேப் ஆஃப் வாட்டர்’ இப்போதுதான் பார்த்தேன். பாவம், வாய் பேச முடியாத பெண். மனிதரில் யாரும் கிடைக்காததால் அந்த நீர்வாழ் உயிரிடம் போகிறாள் என்று புரிந்துகொண்டேன். ஆனாலும் அந்த உறவு அருவருப்பாகவே இருந்தது. இதற்கா ஆஸ்கர்? கடைசியில் குண்டடிபட்ட அவள் உண்மையிலேயே பிழைக்கிறாளா, அல்லது அது கதை சொல்லும் முதியவரின் ஆசை மட்டும்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆஸ்கரை விடுங்கள். சிறந்த படம் உட்பட நான்கு விருதுகளை 2018இல் வாங்கியது. வாங்காவிட்டாலும் இது இதே படம்தான். அருவருப்பு உங்கள் உடம்பு சொல்வது, அதோடு நான் மல்லுக்கு நிற்க முடியாது. என்னைத் தைத்தது ‘பாவம்’ என்ற சொல். சில நாட்களாக நானும் அந்தச் சொல்லைத்தான் மனதில் உருட்டிக்கொண்டிருந்தேன்.

எலைசாவுக்கு யாரும் கிடைக்கவில்லை என்று எப்படி எழுதினீர்கள்? 1962இன் பால்டிமோரில் தன் சம்பாத்தியத்தில் வாழ்கிறவள். அவளுக்காகத் தலையைக் கொடுக்க இரண்டு நண்பர்கள் உண்டு. அவளை விரும்பும் மனித ஆணும் இருக்கிறானே, மறந்துவிட்டீர்களா? அவள் துப்புரவு வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில், அந்த நீர்வாழ் உயிரை அடைத்து வைத்திருக்கும் அதிகாரி ஸ்ட்ரிக்லாண்ட். அவள் பேசாதவள் என்பதுதான் அவனுக்குப் பிடித்திருக்கிறது, அதை அவளிடமே சொல்கிறான். அவள் அவன் முகத்துக்கு நேரே ஒரு கெட்ட வசவை எழுத்து எழுத்தாக விரல்களால் சொல்கிறாள். என்ன சொல்கிறாள் என்று அவன் கத்த, “நன்றி சொல்கிறாள்” என்கிறாள் தோழி செல்டா.

அதிகாரமெல்லாம் கையில் உள்ளவனுக்கு அந்த விரல்களை வாசிக்கத் தெரியவில்லை. சங்கிலியில் கிடந்து, மின் தடியால் அடி வாங்கும் அந்த உயிரோ, எலைசா தொட்டி விளிம்பில் ஓர் அவித்த முட்டையை வைத்து, முட்டைக்கான சைகையைக் காட்டியதும், சவ்வு படர்ந்த தன் கையால் அதையே திருப்பிக் காட்டுகிறது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அந்த இடத்தில்தான். அதற்கு முன் யாராவது, ஒரு தேவையும் இல்லாமல், அவள் மொழியில் அவளுக்குப் பதில் சொல்ல ஆசைப்பட்டிருப்பார்களா?

டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1837இல் எழுதிய கதையின் கடற்கன்னியை நினைத்துப் பாருங்கள். நாக்கை அறுத்துக் கொடுத்துக் கால்களை வாங்குகிறாள். ஒவ்வோர் அடியும் கத்திமேல் நடப்பதுபோல வலிக்கிறது. இளவரசன் தன் வாசலில் மெத்தை போட்டு அவளைப் படுக்கவைக்கிறான். செல்லமாகத்தான் வைத்திருக்கிறான். அவள் யார் என்று தெரிந்துகொள்ள மட்டும் அவன் ஒரு விரலையும் அசைக்கவில்லை.

என் சித்திக்குக் காது கேட்காது, பேச்சும் வரவில்லை. வீட்டில் எல்லோருக்கும் நாலு சைகை தெரியும்: வா, போ, சாப்பிடு, யார். சித்திக்கு அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்றே நம்பினார்கள். எனக்கு ஏழு வயது இருக்கும்போது மிச்சத்தையெல்லாம் அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொருவருக்கும் அவள் வைத்த பெயர் உண்டு. மூக்கில் சரியும் கண்ணாடியை ஏற்றிவிட்டால் தாத்தா. முன்பல்லில் விரலை வைத்து எடுத்தால் நான், அப்போது எனக்கு அந்தப் பல் விழுந்திருந்தது.

அவளைக் கல்யாணம் செய்துகொள்ள ஒருவர் வந்தார். “பேசாத பெண், வீடு நிம்மதியாக இருக்கும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று சித்தியும் சிரித்தாள். பிறகு என்னைத் தனியே இழுத்து, அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். நீ அழகாக இருக்கிறாய் என்றார், என்று சொல்லிவிட்டேன். அந்தக் கல்யாணம் நடந்தது.

செல்டா பொய் சொன்னபோது அரங்கமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பொய் எலைசாவைக் காப்பாற்றியது. என் பொய் சித்தியை அந்த மனிதரோடு அனுப்பிவைத்தது. போகும்போதும் வண்டியிலிருந்து முன்பல்லைத் தொட்டுக் காட்டினாள்.

அதனால்தான் ‘பாவம்’ என்று எழுதாதீர்கள் என்கிறேன். எங்கள் வீட்டில் எழுந்த அந்தச் சிரிப்பில் எல்லோரிடமும் இருந்தது இந்தப் பாவம்தான். கிடைத்ததே பெரிது என்ற பாவம்.

பிழைக்கிறாளா என்று கேட்டிருந்தீர்கள். படம் காட்டியதை நான் நம்புகிறேன். அவள் கழுத்துத் தழும்புகள் செவுள்களாகத் திறக்கின்றன. தண்ணீருக்கு அடியில் குரல் யாருக்கும் உதவாது. ஸ்ட்ரிக்லாண்டானாலும் நீங்களானாலும் நானானாலும் அங்கே வாய் திறந்தால் குமிழிதான் வரும். எலைசா அங்கே போய் எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

இன்னொரு முறை பாருங்கள். போன முறை கீழே ஓடிய எழுத்துகளைத்தான் வாசித்திருக்கிறீர்கள். இந்த முறை எலைசாவாக நடித்த சாலி ஹாக்கின்ஸின் கைகளைப் பாருங்கள்.