பூக்களின் பள்ளத்தாக்கு: எத்தனை நாள் வேண்டும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உத்தராகண்டில் இருக்கும் பூக்களின் பள்ளத்தாக்குக்கு ஆகஸ்ட் இரண்டாம் வாரம் அம்மாவுடன் போகலாம் என்றிருக்கிறேன். அம்மாவுக்கு 61 வயது. தினமும் நடப்பவர், ஆனால் படி இறங்கினால் முழங்கால் வலிக்கும். ரிஷிகேஷில் தொடங்கி அங்கேயே முடிக்க ஐந்து நாள் இருக்கிறது. பள்ளத்தாக்கு, ஹேம்குண்ட் சாஹிப் சீக்கியக் கோயில், பத்ரிநாத் மூன்றையும் பார்த்துவிடலாமா? படங்களில் வருவதுபோல் பூக்கம்பளம் விரித்திருக்குமா? மழைக்குப் பயந்து செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிவைக்கச் சொல்கிறான் தம்பி. அப்புறம், குடையா, மழைக்கோட்டா?

கே.

அன்புள்ள கே.,

தம்பி பேச்சைக் கேட்காதீர்கள். பள்ளத்தாக்கு ஜூனிலிருந்து அக்டோபர் வரை திறந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் செப்டம்பர் கடைசியில் போனால் வானம் பளிச்சென்று இருக்கும், செடிகள் விதை முற்றிப் பழுத்துக் கிடக்கும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரைதான் பூ கொட்டும் காலம். மழை கொட்டுவதும் அப்போதுதான். நீங்கள் குறித்த வாரமே சரி.

சரியில்லாதது அந்த ஐந்து நாள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் சுமார் 250 கிலோமீட்டர். மலைப்பாதை என்பதால் ஒரு முழுப் பகல் போய்விடும். மறுநாள் கோவிந்த்காட், அங்கிருந்து ஜீப்பில் புல்னா, அதற்குமேல், பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் தங்கும் ஊரான காங்கரியா வரை பத்து கிலோமீட்டர் போல நடை. அதோடு இரண்டாவது நாளும் முடிந்தது. திரும்பவும் இதே இரண்டு நாள். மிஞ்சுவது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளும் சாலையில் மண் சரியாமல் இருந்தால்தான்.

நான் முதல்முறை போனபோது இப்படித்தான் இறுக்கமாகத் திட்டம் போட்டேன். ஜோஷிமட்டுக்கு முன்னால் நிலச்சரிவு. மண்வாரி இயந்திரம் ஒரு கை அள்ள, மேலிருந்து இரண்டு கை விழுகிறது. வரிசையில் நின்ற லாரி ஓட்டுநர்கள் அடுப்பு மூட்டிச் சமைக்கத் தொடங்கியதும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு நாள் அங்கேயே போனது. மிஞ்சிய நாளில் காங்கரியாவிலிருந்து அடித்துப் பிடித்து நடந்து சோதனைச்சாவடிக்குப் போனால் மதியம் தாண்டியிருந்தது. அதற்குமேல் உள்ளே விடுவதில்லை. உள்ளே போனவர்களும் மாலைக்குள் வெளியே வந்துவிட வேண்டும், கூடாரம் போட அனுமதி கிடையாது. தவறு என்னுடையதுதான். பூவைப் பார்க்காமல் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அதனால் எட்டு நாள் எடுங்கள். முடியாவிட்டால் அடுத்த வருடம் போங்கள். எட்டில் இரண்டு நாளுக்கு எந்த வேலையும் வைக்காதீர்கள். வழி சுமுகமாக இருந்தால் அந்த நாட்களில் மறுபடி பள்ளத்தாக்குக்கே போகலாம். முதல் நாள் மூட்டமாக இருந்தால் அடுத்த நாள் திறக்கும். அல்லது திறக்காது. காங்கரியாவில் அறை ஜன்னலில் மழை வழிவதைப் பார்த்துக்கொண்டு டீ குடிப்பதும் மோசமில்லை.

மூன்று இடங்களில் ஒன்றை விடுவதென்றால் ஹேம்குண்டை விடுங்கள். அது 4,300 மீட்டருக்கு மேல். காங்கரியாவோ 3,050 மீட்டர்தான். ஆறு கிலோமீட்டருக்குள் அவ்வளவும் ஏறி, அன்றே இறங்க வேண்டும், மேலே தங்க முடியாது. ஏற்றத்துக்குக் கோவேறு கழுதை கிடைக்கும். ஆனால் அம்மாவின் முழங்காலுக்குச் சோதனை இறக்கத்தில்தான். பள்ளத்தாக்குப் பாதையும் லேசானது என்று சொல்ல மாட்டேன். புஷ்பாவதி ஆற்றுப் பாலம் தாண்டியதும் மூச்சு வாங்கும் ஏற்றம் ஒன்று உண்டு. விலங்குகளை உள்ளே விடுவதில்லை. நடக்க முடியாதவரைக் கூடையில் உட்காரவைத்து முதுகில் சுமப்பார்கள், கண்டி என்பார்கள். புல்னாவிலிருந்து காங்கரியா வரை அம்மா கழுதையில் வரட்டும், கால் மிச்சமாகும். இரண்டு ஊன்றுகோல் கட்டாயம். உயரத்துக்கு மாத்திரை போடுவதா வேண்டாமா என்பதை இங்கேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். ஹேம்குண்ட், பத்ரிநாத் போவதென்றால் யாத்திரைப் பதிவு முன்கூட்டியே செய்திருக்க வேண்டும்.

இனி பூக்கம்பளம். இல்லை. அதாவது நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. ஏற்றம் முடிந்து பள்ளத்தாக்கு விரியும்போது முதலில் தெரிவது பச்சை, மேகம், அவ்வளவுதான். 'இதுக்கா வந்தோம்' என்று அம்மா கேட்டாலும் கேட்பார். பத்து நிமிடம் பேசாமல் நடங்கள். பாதையின் இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு இளஞ்சிவப்புப் பூ நிற்கும். நம் வீட்டுக் காசித்தும்பையின் மலைநாட்டு உறவு அது, பூவைப் பார்த்தாலே ஜாடை தெரியும். வெள்ளைக் கொத்தாக மண்டியிருப்பது பாலிகோனம். 1982இல் தேசியப் பூங்காவானபின் ஆட்டு மேய்ச்சல் நின்றது, அதனால்தான் இது இப்படிப் பரவியது என்று ஒரு சாரார் சொல்வார்கள். மற்றவர்கள் மறுப்பார்கள். வனத்துறை ஆள் வைத்துப் பிடுங்கிக்கொண்டிருக்கிறது.

நீல பாப்பி பார்க்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். பாறை இடுக்கில் தனியாக நிற்கும். தண்டெல்லாம் முள். இதழ் மட்டும் நனைந்த மெல்லிய காகிதம் மாதிரி, நீலத்தில் ஊதா கலந்து, நடுவில் மஞ்சள் மகரந்தக் கொத்தோடு இருக்கும். நான் பார்த்த பூவில் மழைத்துளியின் கனம் தாங்காமல் ஒரு இதழ் மடங்கியிருந்தது. பிரம்ம கமலம் ஹேம்குண்ட் பக்கம்தான் அதிகம். நம் ஊரில் நள்ளிரவில் பூக்கிறது என்று அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் காட்டுவோமே, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அது கள்ளி இனம்.

நேரம் இருந்தால் உள்ளே ஜோன் மார்கரெட் லெக்கின் கல்லறை வரை போங்கள். 1931இல் காமெட் சிகரம் ஏறித் திரும்பிய பிராங்க் ஸ்மைத் குழு வழியில் இந்த இடத்தைக் கண்டது. அவர் 1937இல் மறுபடி வந்து தங்கி எழுதிய புத்தகத்தால் இந்தப் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1939இல், செடி சேகரிக்க வந்தவர் லெக். பாறையில் வழுக்கி விழுந்து இறந்தார். ஈரப் பாறையில் கால் வைக்கும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

குடையா மழைக்கோட்டா? இரண்டு கையிலும் ஊன்றுகோல் இருக்கும், குடையை எங்கே பிடிப்பது? மழைக்கோட்டுதான். ஆனால் பைக்குள் ஒரு சின்னக் குடையும் இருக்கட்டும். நீங்கள் குனிந்து படம் எடுக்கும்போது கேமராவுக்கு மேல் அம்மா பிடிப்பார்.