பி.எஸ்.6 டீசல் காரில் 15டபிள்யூ-40 சிஐ-4 ஆயில் ஊற்றியாயிற்று, டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) விளக்கு எரிகிறது, மாற்றணுமா?

மாற்றிவிடுங்கள், ஆயில் ஃபில்டரோடு சேர்த்து. அடுத்த சர்வீஸ் வரை ஓட்ட வேண்டாம்.

15, 40 எல்லாம் கெட்டித்தன்மைக் கணக்குதான். உங்கள் காருக்கு முக்கியம் சாம்பல். சிஐ-4 என்பது டிபிஎஃப் இல்லாத பழைய டீசல் வண்டிகளுக்கான தரம். எரிந்தால் சாம்பல் அதிகம். டிபிஎஃப் தன்னைச் சுத்தம் செய்யும்போது புகைக்கரி எரிந்து போய்விடும், சாம்பல் போகாது. அங்கேயே தங்கி அடைக்கும். டிபிஎஃப் உள்ள வண்டிகளுக்கான சி3 தர ஆயிலில் சல்பேட் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்திருப்பது இதற்காகத்தான்.

ஆனால் விளக்கு இவ்வளவு சீக்கிரம் எரிந்ததற்கு ஆயில் மட்டும் காரணமாக இருக்காது. சாம்பல் சேர நாளாகும். தினமும் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறீர்களா? அப்படியென்றால் டிபிஎஃப் சுத்தம் பாதியில் நின்று, அதற்காகச் செலுத்திய டீசல் எரியாமல் ஆயிலில் இறங்கும். காலையில் சமதளத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். மேல்கோட்டுக்கு மேலே ஏறி, டீசல் வாசனை அடித்தால் அதுதான் விஷயம். ஆயில் மாற்றும்வரை நீண்ட தூரம் எடுக்காதீர்கள்.

மாற்றிய அப்புறம் பைபாஸில் ஒரே சீரான வேகத்தில் அரைமணி நேரம் ஓட்டுங்கள். விளக்கு அணையாவிட்டால் ஸ்கேனர் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று: சி2, சி3 ஒன்றல்ல. சி2 சூட்டில் இன்னும் மெலிதாக ஓடும். கையேட்டில் எது போட்டிருக்கிறதோ அதை கேனின் பின்பக்கம் தேடி வாங்குங்கள். முன்பக்கம் 'டீசல்' என்று இருந்தால் போதாது.