பைன் தோப்பைச் சோலைக்காடாக மாற்றுவது எப்படி?

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுகிறோம். நிலத்தின் மேற்பகுதியில் ஆறு ஏக்கர் பைன் தோப்பு இருக்கிறது, நடுவில் ஓர் ஓடை. இதை இனி விற்பனைக்கு வெட்டாமல், மலையின் இயற்கைக் காடாகவே எங்கள் பொறுப்பில் காப்பாற்ற விரும்புகிறோம். காற்றில் மரம் விழுந்த இடங்களில் பைன் கன்றே மறுபடி நடலாமா? அல்லது பைனை முழுக்க வெட்டிவிட்டுச் சோலை மரங்கள் நட வேண்டுமா?

பதில்: இரண்டுமே வேண்டாம்.

பைன் இந்த மலைக்கு உரிய மரம் அன்று. இந்தியாவில் இயற்கையான பைன் காடுகள் இமயமலையிலும் வடகிழக்கு மலைகளிலும்தான் உண்டு. உங்கள் தோப்பில் ஊசியிலைகள் மும்மூன்றாகச் சேர்ந்து நீளமாகத் தொங்கினால், அது மெக்சிகோவிலிருந்து வந்த பட்டுலா பைன். மேல்மலையின் சொந்தக் காடு, ஓடையோரத்திலும் மலைமடிப்புகளிலும் அடர்ந்த சோலை; வெளிச்சரிவுகளிலும் முகடுகளிலும் புல்வெளி. நீங்கள் மீட்க வேண்டியது இந்த இரண்டையும்தான்.

அதற்காகப் பைனை ஒரே மூச்சில் வெட்டினால் காரியம் கெடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை விழும் உறைபனி, திறந்தவெளியில் இருக்கும் இளம் சோலைக் கன்றைக் கருக்கிவிடும். அடுத்து, மண்ணில் பல ஆண்டுகளாக உயிரோடு கிடக்கும் சீகை (வாட்டில் என்னும் அயல் மரம்) விதைகள் வெயில் பட்டதும் கூட்டமாக முளைக்கும். பைன் போய்ச் சீகைக் காடு வந்து சேரும். அதை அழிப்பது பைனை அழிப்பதைவிடப் பல மடங்கு கடினம். நாற்றங்காலில் காசு கொடுத்துக் கட்டும் நிழல் வலையின் வேலையை உங்கள் பைன் மரங்கள் இப்போது இலவசமாகச் செய்கின்றன. வட்டக்கானலில் நெடுங்காலம் சோலை மீட்பில் உழைத்த பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் இருவரும் அயல்மரத் தோப்புகளின் நிழலில் சோலை மரங்கள் தாமாகவே எழுவதைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டினார்கள்.

எனவே முதல் வேலை கணக்கெடுப்பு. தோப்புக்குள் ஆளை அரிவாளோடு அனுப்பும் முன் நீங்களே நடந்து பாருங்கள். பறவை எச்சத்தில் வந்து முளைத்த காட்டு நாவல், காட்டுச் செண்பகம், காட்டு லவங்கம் போன்ற கன்றுகள் ஓடையோரத்தில் பெரும்பாலும் இருக்கும். ஒவ்வொன்றின் அருகிலும் வண்ணத்துணி கட்டிய குச்சியை ஊன்றுங்கள். இந்த முயற்சிகளில் பல கன்றுகள் களையோடு களையாக அரிவாளுக்குப் போய்விடுகின்றன. தானாக முளைத்த கன்றின் வேர் அந்த மண்ணிலேயே இறங்கியது. நாம் நடும் கன்று அதற்கு ஈடாகாது.

கன்றைச் சுற்றி இரண்டடி வட்டத்துக்கு ஊசியிலை மெத்தையை விலக்குங்கள். அரையடி கனத்துக்குக் கிடந்தால் புதிதாக விழும் விதை மண்ணைத் தொடாமலே காய்ந்துவிடும். ஆனால் தோப்பு முழுவதும் வாரி எடுத்துவிடாதீர்கள், சரிவு மண் மழையில் கரையும்.

கன்று குறைவான இடங்களில் மட்டும் நடுங்கள். நிழலுக்குள் 3 மீட்டர் இடைவெளி போதும், முழு ஏக்கருக்கும் நட்டாலே சுமார் 450 கன்றுதான் பிடிக்கும். ஒன்றரை அடிக் குழி எடுத்து, மேல்மண்ணைத் தனியே வைத்து, அதையே முதலில் உள்ளே தள்ளுங்கள். பூண்டுக்குப் போடும் ரசாயன உரம் இங்கே வேண்டாம், களைதான் கொழுக்கும். உங்கள் நிலத்தில் இருக்கும் சோலை மரத்தடியிலிருந்து ஒரு கைப்பிடி மக்கு மண் போட்டால், வேரோடு கூடி வாழும் பூஞ்சைகளும் சேர்ந்து வரும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதிக்குள் நட்டு முடித்தால், பனி வருவதற்குள் வேர் பிடித்துவிடும்.

நாற்றுக்கான விதையை உங்கள் பகுதி மரங்களிலிருந்தே எடுங்கள். காப்புக்காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். நாவல், லவங்கம் போன்றவற்றின் விதையைக் காயவைத்துச் சேமிக்க முடியாது. சதையைக் கழுவி எடுத்து, ஓரிரு நாளில் விதைத்துவிட வேண்டும். செண்பக விதையின் மேலுள்ள சிவப்புத் தோலையும் தேய்த்து நீக்குங்கள். முளைக்கப் பல மாதம் ஆகலாம், அவசரப்பட்டுப் பாத்தியைக் கலைக்காதீர்கள். கன்று ஒன்றரை அடிக்குமேல் வளர்ந்த பிறகே தோப்புக்குப் போகட்டும். அதற்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு பிடிக்கும்.

காட்டுமாடும் கடமானும் வரும் இடம் என்பதால் ஒவ்வொரு கன்றுக்கும் கூண்டு தேவை. வெட்டிய சீகைக் கழிகளை நான்கைந்தாக ஊன்றி, குறுக்கே கட்டினால் போதும்.

அடுத்தது பைனைக் குறைப்பது. பைனில் ஒரு நல்ல குணம், வெட்டிய அடிக்கட்டை மறுபடி துளிர்ப்பதில்லை. சோலைக் கன்றுகள் இடுப்பு உயரம் வந்த பகுதியில் மட்டும், நான்கு மரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் எடுங்கள். மூன்று நான்கு ஆண்டு கழித்து அடுத்த சுற்று. ஒரு பருவத்தில் ஓர் ஏக்கருக்கு மேல் தொட வேண்டாம். காற்று வரும் பக்கத்து ஓர வரிசையைக் கடைசிவரை விட்டுவையுங்கள். நெருக்கத்தில் வளர்ந்த பைன், துணை மரம் போனதும் காற்றுக்கு நிற்காது. 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மலையிலும் மரங்களைச் சாய்த்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெட்டிய தண்டுகளைச் சரிவுக்குக் குறுக்கே படுக்கவைத்தால் மண் தங்கும். ஈர மண்ணில் மரம் இழுக்காதீர்கள்.

உங்கள் சொந்த நிலமாக இருந்தாலும், 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் மரம் வெட்டக்கூடாது, பட்டை உரித்துக் காயவிடவும் கூடாது. மாவட்ட வன அலுவலகத்தில் திட்டத்தை எழுத்தில் கொடுங்கள். அயல் தாவரங்களை அகற்றி இயற்கை வாழிடத்தை மீட்க அரசே 2022-இல் ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

சீகையை மட்டும் விட்டுவைக்கவே கூடாது. சிறு கன்றை மழைக்காலத்தில் மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். பெரிய மரமானால், வெட்டிய கட்டையின் பட்டையை மண்மட்டத்துக்குக் கீழே வேர்வரை உரித்துவிட வேண்டும், இல்லையென்றால் துளிர்க்கும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது சுற்றி வர வேண்டிய வேலை இது, பத்தாண்டுக்குக் குறையாது.

ஜனவரி பிறக்கும் முன் தோப்பின் எல்லையில் 4 மீட்டர் அகலத்துக்குத் தீத்தடுப்புக் கோடு எடுத்து, ஊசியிலையைச் சுத்தமாக வாருங்கள். காய்ந்த பைன் சருகில் பிடித்த தீ, உங்கள் பல ஆண்டு உழைப்பை ஒரே பிற்பகலில் முடித்துவிடும். தீக்குப் பின் சீகை விதை இன்னும் வேகமாக முளைக்கும்.

மேலே வெளிச்சரிவில் மரமே நட வேண்டாம். அங்கே பைனை எடுத்ததும், அருகில் மிஞ்சியிருக்கும் உள்ளூர்ப் புல்தூரைப் பிரித்து, மழை தொடங்கியதும் ஓரடி இடைவெளியில் ஊன்றுங்கள். தனித்தனியாகக் காட்டுப் பூவரசு (ரோடோடென்ட்ரான்) இருந்தால் அப்படியே நிற்கட்டும், அது புல்வெளியில் இயல்பாக வளரும் மரம். புல் மூடும்வரை, இரண்டு ஆண்டாவது, மாடு மேயவிடாதீர்கள்.